திட்டு வாங்க ஒரு கதை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. சமையலறை சிங்குக்கு அடியில் கிடைத்தது. ஒழுகிய குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பர் மல்லாந்து படுத்தபடியே கேட்டார்.

"நீங்க கதை எழுதுவீங்களாமேக்கா? என்னைப் பத்தி ஒண்ணு எழுதுங்க. நான் திருடி ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன்."

கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். (முதல் வரைவில் இந்த வரி இல்லை.)

2

'இருட்டறையில் வளர்ந்த அந்தச் சிறுவனின் நெஞ்சில் ஆறாத ஒரு...'

இந்தத் தொடக்கத்தைப் படித்துக் காட்டியதும் பிளம்பர் சிரித்துவிட்டார். "எங்க வீட்ல நாலு ஜன்னல்க்கா. வெயில் தாங்காம அம்மா பழைய புடவையக் கட்டி விடுவாங்க."

எனக்கோ ஒரு காயம் வேண்டும். குற்றத்தின் வேர் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது என்று படித்தவள்* நான்.

* ஆழ்மனத்தைப் பற்றிய புத்தகங்களில். பெற்றோரின் அதட்டல் பிள்ளைக்குள்ளே குடியேறி மனச்சாட்சி ஆகிறதாம். அது மிஞ்சினால், தண்டனை வாங்குவதற்காகவே தப்புச் செய்வார்களாம். குறைந்தால், கூச்சமில்லாமல் செய்வார்களாம். எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொள்வது அம்மாதான்.

3

நடந்தது இது. பட்டப்பகலில் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தார். அலமாரியைத் திறந்து நகையை எடுத்துப் பையில் போட்டாயிற்று. கிளம்பும்போது குளியலறையில் தண்ணீர் சொட்டும் சத்தம். குழாயை இறுக்கிப் பார்த்தார், நிற்கவில்லை. வாஷர் போயிருந்தது. தன் பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து, புது வாஷர் போட்டு முடித்துத் திரும்பினால், திறந்து கிடந்த அலமாரியைப் பார்த்துவிட்டு வந்த வீட்டுக்காரர் நிற்கிறார்.

'பிடிபட வேண்டும் என்ற உள்மன ஆசை!' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"ஜெயிலுக்குப் போக யாராவது ஆசைப்படுவாங்களாக்கா?" என்றார்.

"அப்போ ஏன் திருடுனீங்க?"

"அது ஆசைதான். நகை மேல."

(இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?)

4

அவருக்கு வேண்டியது வேறு. வழக்கின்போது உளவியல் ஆலோசகர் ஒருவர், தாயின் ஓயாத கண்டிப்பே இவரை இப்படி ஆக்கியது என்று நீதிமன்றத்தில் சொன்னார். தண்டனை குறைந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட அம்மா, அன்றோடு மகனைத் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

"சேத்துக்காலோட வீட்டுக்குள்ள நடந்து பார்த்தேன். 'பரவாயில்லப்பா'ங்கிறாங்க. விருந்தாளிகிட்டப் பேசற மாதிரி! என்னால தாங்க முடியலக்கா. அவங்க மேல தப்பில்லன்னு ஒரு கதை எழுதிக் குடுங்க, படிச்சுக் காட்டறேன்."

இங்கே எனக்குக் கண் கலங்கியது. எழுதுகிறவர் கலங்கக் கூடாது என்பார்கள். போகட்டும்.

5

முடிவு அ: கதையைக் கேட்டு அம்மா அழுகிறார். (அடித்துவிட்டேன். அவர் அழுதது போதும்.)

முடிவு ஆ: அம்மா கண்ணை மூடும் தறுவாயில்... (நன்றாக இருக்கிற மனுஷியை நான் ஏன் சாகடிக்க வேண்டும்?)

பேசாமல் நேரிலேயே போனேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். மகன் சுவரோரம் நின்றார்.

"தம்பியை எதுக்கும்மா அதிகமாத் திட்டுவீங்க?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "குழாய்க்குத்தான். மூடாம ஓடிடுவான். 'தண்ணி சொட்டறது காதுல விழலையா'ன்னு கத்திக்கிட்டே இருப்பேன். அந்தப் பாவம்தான்..."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புத்தகத்தில் பாதியைத்தான் படித்திருக்கிறேன்!

"அம்மா, அந்த வீட்ல அலமாரியத் திறந்தது அவரோட ஆசை. குழாயச் சரிபண்ண வச்சதுதான் உங்க திட்டு."

துணி அவர் கையிலேயே நின்றது. மகன் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, குழாய மூடணும்னு தெரிஞ்சுதே, அலமாரிய மூடிட்டு வரணும்னு தெரியலையாடா, தடிமாடே!"

பிளம்பரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

6

அவர் ஏன் திருடினார் என்று எனக்கு இன்னும் தெரியாது. என் பங்கு இதோடு முடிந்தது. அம்மா முடிக்கவில்லை, சேற்றுக்காலுக்கு வந்திருக்கிறார். அந்த வேகத்துக்கு என் கை ஓடாது. மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் திட்டுக்கு என்ன பஞ்சமா? எதை வேண்டுமானாலும் போடுங்கள், 'பரவாயில்லப்பா' மட்டும் வேண்டாம்.