இடாப்பில் ஒரு டொரதி

பதினோராவது பசுவையும் வாசித்து முடித்தபோது மேபல் டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து அவளிடம் பன்னிரண்டு பிள்ளைகள். 'நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றி எழுதுங்கள்' என்றுதான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தாள். பதினொரு பேரும் பசுவைத்தான் கண்டிருந்தார்கள். பசு ஒரு சாதுவான மிருகம். அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது புல்லைத் தின்று பாலைத் தருகிறது. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில், அந்த மலைச்சரிவில், ஆடு உண்டு, எருமை உண்டு, கரத்தை இழுக்கிற காளைகள் வேண்டிய மட்டும் உண்டு. பசு மட்டும் மாதா கோயில் சுவாமியார் வீட்டுக்குப் பின்னால் ஒன்றே ஒன்று. அதுவும் சாது இல்லை. போன மாதம் லியோனை முட்டித் தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளியிருந்தது. முழங்கைக் காயம் இன்னும் ஆறாத அந்த லியோனும் 'சாதுவான மிருகம்' என்றே எழுதியிருந்தான்.

அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து எட்டு மாதம். 1931ஆம் ஆண்டு, பயிற்சி முடித்த கையோடு கிடைத்த வேலை. ஒரே மண்டபம், தகரக் கூரை, மழை பெய்தால் பாடம் கிடையாது. வந்த முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்துவிட்டாள். இந்தப் பிள்ளைகள் வாசிப்பதில்லை, ஒப்பிக்கிறார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தை முடித்துவிடுவார்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேட்டால், பாடத்தின் முதல் வரிக்குப் போய் அங்கிருந்து ஓடி வந்து, அந்தச் சொல்லையும் தாண்டிப் போய் நிற்பார்கள். அவளுக்கு இதில் கோபத்தை விட வியப்புத்தான் அதிகம். இவ்வளவையும் மனதில் சுமக்கிற தலைகளுக்குள் ஒற்றைச் சொல் மட்டும் ஏன் நுழைய மறுக்கிறது? ராத்திரிச் சாப்பாட்டின்போதுகூட அதையே யோசித்து, தட்டில் கை காய உட்கார்ந்திருப்பாள்.

பன்னிரண்டாவது கொப்பி புஷ்பத்தினுடையது. கரத்தைக்காரர் அழகமுத்துவின் மூத்த மகள், பதினொரு வயது, வகுப்பில் வாய் திறக்காதவள். கொப்பியில் இப்படி இருந்தது:

'போன வருசம் இன்ஸ்பெக்டர் ஐயா வந்தார். என் தங்கச்சி மருதாயி பள்ளிக்கூடம் வராது. அம்மா பங்களாவுக்குத் துணி துவைக்கப் போனால் அதுதான் தம்பியைப் பார்க்கும். அன்றைக்கு மட்டும் என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. பெரிய வாத்தியார் உன் பெயர் டொரதி என்று சொல்லிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் ஐயா பெயர் கேட்டார். டொரதி என்றது. உன் அப்பா யார் என்றார். அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. டொரதியின் அப்பா என்றது. இன்ஸ்பெக்டர் ஐயா சிரித்துவிட்டுப் போனார்.'

மேபல் விழுந்து விழுந்து சிரித்தாள். உடனே சிவப்பு மையைத் தொட்டு, கீழே 'பிறகு என்ன நடந்தது?' என்று எழுதினாள். மறுபடி வாசித்தாள். 'அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை' என்ற வரியை அந்த இடத்தில் வைக்க இந்தப் பெண்ணுக்கு யார் சொல்லித் தந்தது? தனக்கே அப்படி எழுத வருமா என்று எண்ணிப் பார்த்தாள். மூன்றாம் தரம் வாசித்தபோதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

அலுமாரியைத் திறந்து வரவு குறிக்கும் இரண்டாம் வகுப்பு இடாப்பை எடுத்தாள். டொரதி என்ற பெயர் இருந்தது. ஒரு நாள் தவறாமல் வரவு போடப்பட்டிருந்தது. அம்மை போட்டு வகுப்பே படுத்துக் கிடந்த கிழமையிலும் டொரதி மட்டும் வந்திருந்தாள்.

பெரிய வாத்தியார் மனுவேல் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக அந்த மண்டபத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பவர். மழை நாளில் ஓடை பெருகினால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி அக்கரை சேர்ப்பார். அவரிடம் போய் மேபல் கேட்டாள்.

"மாஸ்டர், இந்த டொரதி யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் குடும்பம் புசல்லாவைக்குப் போய் ரெண்டு வருசமாகுது, பிள்ளை."

மேபல் கொப்பியை நீட்டினாள். அவர் நின்றபடியே வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இடாப்பில முப்பது பேர் இல்லாட்டிப் பள்ளிக்கூடத்தைப் பதிவில இருந்து எடுத்துப்போடுவினம். உண்மையா வாறது இருபத்தாறு. நாலு பேரை நான் எழுதி வைச்சிருக்கிறன். ஓம், பொய்தான். இது மூடினா உந்த இருபத்தாறும் எங்க போறது? பிள்ளையள் கண்டிக்கு நடந்தே போகுங்கள்?" கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். "வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வாறார். அஞ்சாம் வகுப்புக் கொப்பியளைக் கட்டாயம் பார்ப்பார். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போடும். அவளையும் பசுவைப் பற்றி எழுதச் சொல்லும்."

மேபல் "பார்த்துக்கிறேன், மாஸ்டர்" என்றாள். அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க வழியெல்லாம் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அதுதான் அவளை வருத்தியது.

மறுநாள் புஷ்பத்தைக் கூப்பிட்டாள்.

"இப்படி எழுத யாரு சொல்லித் தந்தா?"

"நீங்கதான டீச்சர் கண்ணால கண்டதை எழுதச் சொன்னீங்க?"

"மத்த எல்லாரும் பசுவைப் பத்தி எழுதியிருக்காங்களே?"

"எனக்குப் பசுன்னா பயம், டீச்சர். கிட்டப் போனதே இல்ல." கால் விரலால் தரையைக் கீறினாள். "பெரிய வாத்தியார் கோவிச்சிக்கிட்டாரா? கிழிச்சிரட்டுமா?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குத்தான் கூப்பிட்டதும். ஆனால் மேபலின் வாயிலிருந்து வந்தது வேறு. "வேணாம். சிவப்பு மையில ஒண்ணு கேட்டிருக்கேன்ல? அதுக்குப் பதில் எழுது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீரமும் இல்லை, நியாயமும் இல்லை. பிறகு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சிறு வயதிலிருந்தே அந்தக் குணத்தால்தான் அவள் வாங்கிக் கட்டிக்கொள்வது.

புதன்கிழமை மண்டபத்தைக் கழுவுவதிலும் தோரணம் கட்டுவதிலும் போனது. கொப்பிகளைச் சேர்த்து அடுக்கியபோது புஷ்பத்தினுடையதை ஆக அடியில் வைத்தாள். எழுதியிருக்கிறாளா என்று திறந்து பார்க்கக்கூட நேரம் வாய்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் குடையோடு ஏறி வந்தார். குள்ளமான மனிதர், அவரும் வடக்குப் பக்கம். இரண்டாம் வகுப்பு வாங்கில் எண்ணெய் வழிய வாரிய தலையோடு மருதாயி உட்கார்ந்திருந்தாள். இந்த வருடம் அப்பாவின் பெயரும் தொழிலும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. வரவு கூப்பிட்டபோது 'டொரதி' என்றதும் மண்டபம் அதிரக் குரல் கொடுத்தாள். மற்ற மூன்று பெயருக்கும் அதேபோல் பிள்ளைகள் வந்திருந்ததால் முப்பதும் சரியாக இருந்தது. மனுவேல் மாஸ்டர் மூச்சு விட்டார்.

இன்ஸ்பெக்டர் ஐந்தாம் வகுப்புப் பக்கம் வந்தார். "மேல இருக்கிற கொப்பி எப்பவும் நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே அடுக்கின் அடியில் கையை விட்டு உருவினார். பெயரை வாசித்துப் புஷ்பத்தை எழுப்பினார். கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். "நீ எழுதினதை வாசி, பாப்பம்."

புஷ்பம் பக்கத்தைப் பார்த்தாள். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரிய வாத்தியாரைப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள். "பசு ஒரு சாதுவான மிருகம். அதற்கு நான்கு கால்கள் உண்டு..."

தடங்கலே இல்லை. எட்டு மாதமாக எந்த ஒப்பித்தலோடு மேபல் மல்லுக்கு நின்றாளோ, அது இப்போது பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மாதாவே, இந்தப் பசு ஒழுங்காகப் பாலைத் தந்து முடிக்கட்டும் என்று வேண்டினாள். வேண்டுகிற தன்னை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பசு பாலைத் தந்தது. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "நல்ல பசு. போற பள்ளிக்கூடம் எல்லாத்திலயும் இதைச் சந்திக்கிறன்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புஷ்பத்தின் தோளுக்கு மேலாகக் குனிந்தார். இரண்டு வரி பார்த்தாரா, பத்து வரி பார்த்தாரா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "இப்ப இந்தக் கொப்பியில இருக்கிறதை வாசி, பிள்ளை."

புஷ்பம் மேபலைப் பார்த்தாள். மனுவேல் மாஸ்டரும் மேபலைத்தான் பார்த்தார். வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தால் போதும், இந்தப் பெண் வாய் திறக்காமல் நின்றுவிடுவாள். வாசிக்கத் தெரியாத பிள்ளை என்று ஒரு குறிப்பு விழும். அதோடு முடியும். பன்னிரண்டு பேரில் வாசிக்கவும் எழுதவும் தெரிந்த ஒரே பிள்ளைக்கு அந்தக் குறிப்பு. அதை நினைத்ததும் மேபலுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"வாசிம்மா" என்றாள்.

இந்தத் தரம் அது ஓடவில்லை. ஒவ்வொரு சொல்லாக நின்று, எழுத்துக் கூட்டி, மூச்சு வாங்கி வந்தது. பழைய சட்டை வந்தது, டொரதி வந்தாள், டொரதியின் அப்பா வந்தார். எங்கோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. சிவப்பு மையையும் விடாமல் அதே குரலில் "பிறகு என்ன நடந்தது" என்று வாசித்தாள் புஷ்பம். அதற்கடுத்த வரிகள் மேபலுக்கும் புதியவை.

"பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். மருதாயி சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றது. கழற்றினால் நான் மறுபடி மருதாயி ஆகிவிடுவேன், மருதாயியைப் பள்ளிக்கூடத்துக்கு விடமாட்டார்கள் என்றது. சட்டையோடேயே தூங்கிவிட்டது."

மனுவேல் மாஸ்டர் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். இரண்டாம் வகுப்பு வாங்கு கிரீச்சிட்டது. மருதாயி எழுந்து நின்றாள்.

"அக்கா, அது நான் சொன்னதுதான?"

யாரும் தடுக்கவில்லை. அவள் வாங்குகளுக்கு இடையில் புகுந்து வந்து, அக்காவின் அருகில் நுனிக்காலில் நின்றாள். பயம் என்பது முகத்தில் மருந்துக்கும் இல்லை. "எங்க இருக்கு? காட்டு."

புஷ்பம் கொப்பியைத் தாழ்த்தினாள். ஜன்னல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்ற இன்ஸ்பெக்டர் ஓரடி விலகிக்கொண்டார். மருதாயி முகத்தைப் பக்கத்தின்மேல் கவிழ்த்து, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தாள்.

"இதுவா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ."

விரல் கீழே இறங்கியது.