மிதிக்காத பிரேக்

எலக்ட்ரிக் கார் வாங்கிய நாளிலிருந்து, பெட்ரோல் போடுகிற ஆம்பூர்க்காரர்கள் எல்லோரும் வேதாசலத்துக்கு ஏமாளிகளாகத் தெரிந்தார்கள். ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர் அவர். டீ நேரத்தில் பேச்செல்லாம் காரைப் பற்றித்தான். “ஆக்ஸிலேட்டர்லேந்து கால எடுத்தா தானா நின்னுடும். பிரேக்குக்கு வேலையே கெடையாது. அப்புறம் சர்வீஸ் எதுக்கு?”

மனைவி ஹேமலதா டீச்சர். அதே காரில்தான் வாணியம்பாடிக்குப் பள்ளிக்கூடம் போய்வந்தாள். “ஏங்க, பிரேக்க மிதிச்சா கர்ர்னு சத்தம் வருது. சரியா பிடிக்கல” என்றாள்.

“மிதிச்சாத்தான சத்தம்? மிதிக்காத.” சொல்லிவிட்டு அவரே சிரித்தும் கொண்டார்.

அவர் ரஃபி அகமது கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவள் ஓட்டிவந்த கார் நிற்காமல் போய் எதிரே ஒரு தள்ளுவண்டியில் முட்டியது. கொய்யாப்பழங்கள் ரோடெல்லாம் உருண்டன. பிரேக் பிடிக்கவில்லை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், கடையே கேட்கும்படி, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் குனிந்து பழம் பொறுக்கினாள். மறுநாளிலிருந்து கார் சாவி அவர் சட்டைப்பையில், அவள் பஸ்ஸில்.

ஞாயிற்றுக்கிழமை முழு சார்ஜோடு திருப்பத்தூருக்குக் கிளம்பினார். வழியில் ஆடுகள் குறுக்கே வந்தன. காலை எடுத்தார். பேட்டரி நிறைந்திருந்தால் கார் தானாக அவ்வளவு வேகம் குறையாது என்பது அவருக்குத் தெரியாது. பிரேக்கை மிதித்தார். கர்ர் என்றது. ஒடித்துத் திருப்பியதில் மைல்கல்லில் இடித்து நின்றது.

ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றினார்கள். பிரேக் டிஸ்க் துருவேறிக் கிடந்தது. “மிதிக்காமலே வெச்சிருந்தா இப்படித்தான் சார் துரு பிடிச்சி இறுகிடும். அப்பப்ப கழட்டி சுத்தம் பண்ணணும்” என்றார்கள். வேதாசலத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. எத்தனை பேரை அவளைப் பார்த்துச் சிரிக்க வைத்தோம்!

பிரேக்கைச் சரிசெய்து, உடைந்த பம்பரோடு திரும்பினார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் டீக்கடையில் நிறுத்தினார்.

“இன்னா சார், மறுபடியும் அண்ணி கையில குடுத்தீங்களா?” என்றார் ரஃபி.

 வேதாசலத்தின் தலை ஆமாம் என்று ஆடிவிட்டது. டீயை முழுசாகக் குடிக்காமல் எழுந்தார்.

வீட்டில் ஹேமலதா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“பக்கத்து தெரு ஜோதி போன் பண்ணா. எனக்கு பலமா அடிபட்டுச்சான்னு கேட்டா. அவ வீட்டுக்காரர் டீக்கடையில கேள்விப்பட்டாராம்.”

“நீ இன்னா சொன்ன?”

“அடி ஒண்ணும் இல்லன்னேன். ஓட்டினது நான் இல்லன்னு சொல்லல. அத நீங்க சொல்லுங்க.” அவள் தலை நிமிரவில்லை.

சாவியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு டீக்கடைக்கு நடந்தே போனார். கூட்டம் அப்போது இன்னும் கூடியிருந்தது.

“பாய், ரெண்டு தரமும் தப்பு என்னுதுதான்.”

பாய்லர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. “இன்னா சார்?” என்றார் ரஃபி. கடையே அவர் பக்கம் திரும்பியது.

மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.