எட்டுப் பின்னல்

1

இந்தக் கதை, விஷயம் தெரியாமல் நான் செய்த ஒரு பாராட்டில் தொடங்கியது. சென்னையில் ஓர் ஓவியக் கண்காட்சி. கானா நாட்டுப் பெண்ணின் ஆளுயர உருவப்படம். தலையில் ஒரு பக்கம் இடுப்புவரை சன்னப் பின்னல்கள். மறுபக்கம் காதோடு வெட்டுப்பட்ட சுருள்முடி. தலைப்பு ‘பேரரசின் கத்தரி’. குறிப்பேட்டில், “இந்தச் சமச்சீரின்மை ஒரு நூற்றாண்டின் காயம்” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எந்த நூற்றாண்டு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில்: ‘சிகை வடிவமைப்பு: சிவரஞ்சனி, ஏற்காடு.’ அதைப் பிடித்துக்கொண்டு மலையேறினேன்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

அவள் கூந்தல் சேர்வராயன் மலைமேல் மேகம் இறங்கியதுபோல

(மேகத்துக்கு யாரும் எண்ணெய் வைப்பதில்லை.)

சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிய மிளகுக்கொடியாக அவளுடைய

(கறுப்பினப் பெண்ணின் தலையைக் கண்டதும் என் பேனா காட்டுக்குள் ஓடிவிடுகிறது. முடியை முடி என்று எழுத மூன்று நாள் ஆயிற்று.)

சிவரஞ்சனிக்கு ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு பியூட்டி பார்லர்.

இது போதும்.

3

அவளுடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நாகலூர்ப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் வேலை. மணப்பெண்ணுக்குச் சவுரி வைத்துப் பின்ன அவளை விட்டால் மலையில் ஆளில்லை. படத்தில் இருந்த அபெனா, கானாவிலிருந்து வந்து சேலத்தில் நர்சிங் படித்தாள். அங்கே பார்லர்களில் அவள் தலையைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. சிவரஞ்சனி தொட்டாள். முன்நெற்றியில் தளர்ந்த பின்னலை இறுக்க, மாசம் ஒருமுறை அபெனா பஸ் ஏறி வருவாள். சொல்லிக் கொடுப்பாள், திட்டுவாள், சிரிப்பாள். முழுத்தலையும் பின்ன மட்டும் பெங்களூர் போவாள்.

சிவரஞ்சனியின் பார்லரில்தான் ஓவியர் ஞானசுந்தரம் அவளைக் ‘கண்டடைந்தார்’. (சொல் அவருடையது. அவள் அதற்கு முன்பும் இருந்தாள்.) எஸ்டேட் பங்களா ஒன்றில் தங்கி வரைந்துகொண்டிருந்தவர். தன் அம்மாவுக்கு அனுப்ப ஒரு பிரதி வேண்டும் என்று பேசி, படத்துக்கு உட்கார அபெனா ஒப்புக்கொண்டாள். பின்னலை அவிழ்த்துவிட்டு உட்காரச் சொன்னார் அவர். எப்படியும் அவிழ்க்கிற காலம்தான், சரி என்றாள்.

அந்தப் பின்னலில் சொந்த முடியோடு ஒட்டுமுடி சேர்த்திருக்கும். ஒட்டுமுடியை மட்டும் கத்தரித்துவிட்டு மிச்சத்தைப் பிரிக்க வேண்டும். “என் முடி முடியற இடத்துக்குக் கீழ வெட்டுங்க அக்கா” என்றாள் அபெனா. பங்களா வராந்தாவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போகிறது என்று ஞானசுந்தரம் உள்ளிருந்து அவசரப்படுத்தினார்.

எந்த இடம் என்று கேட்டிருந்தால் கால் நிமிஷம். சிவரஞ்சனி கேட்கவில்லை. எத்தனையோ மணப்பெண்களுக்குச் சவுரி வைத்த கைக்குத் தெரியாததா? தவிர, அவளுக்கு இன்னொன்றும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தாள்: இந்தப் பிள்ளைகளுக்கு முடி வளராது, காதுக்குக் கீழே தொங்குவதெல்லாம் சவுரிதான்.

காதோரம் கத்தரி வைத்தாள். எட்டுப் பின்னல் விழுந்தது.

அபெனா குனிந்து ஒன்றை எடுத்து, வெட்டுப்பட்ட நுனியைப் பிரித்துப் பார்த்தாள். வழவழத்த ஒட்டுமுடிக்கு நடுவே மெல்லிய சுருளாக வேறொன்று.

“அக்கா, இது என் முடி.”

நாலு வருஷமாக வளர்த்தது.

4

இந்த இடத்தில் முதல் வரைவில் நான் எழுதியது: “உங்களுக்கெல்லாம் முடி வளராதுன்னு நெனச்சுட்டேன் கண்ணு” என்று சிவரஞ்சனி உடைந்து அழுதாள். என் கதாநாயகியை எனக்கே பிடித்துப்போயிற்று.

நடந்தது அதுவல்ல. “கை தவறிருச்சு கண்ணு” என்றாள்.

எட்டு முறையா என்று அபெனா கேட்கவில்லை. விழுந்த எட்டையும் பொறுக்கி மடியில் வைத்தாள். பிறகு, “பரவால்லக்கா.”

ஞானசுந்தரம் வெளியே வந்து பார்த்தார், இரண்டடி பின்வாங்கினார், மிச்சத்தைத் தொடவே கூடாது என்றார். பேரரசுகளைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். முடி சமமாக வளரட்டும், அப்புறம் வரையலாமே என்று அபெனா கேட்டதற்கு, வரலாறு காத்திருக்காது என்று பதில் வந்தது. (வரலாறு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தது.)

பிரதியைப் பார்த்த அபெனாவின் அம்மா கானாவில் குமாசியிலிருந்து கேட்டது ஒரே கேள்வி: யார் வெட்டியது?

“எங்க அக்கா. கை தவறிருச்சு” என்றாளாம் மகள்.

5

“அவ என்னயத் திட்டியிருந்தா நொம்ப நல்லா இருந்திருக்குமுங்க” என்றாள் சிவரஞ்சனி. “மன்னிச்சுட்டா. ஆனா எதுக்கு மன்னிச்சாளோ அத நான் செய்யலீங்க.”

படிப்பு முடிந்து அபெனா செவ்வாய்க்கிழமை ஊருக்குப் பறக்கிறாள். ஞாயிறன்று முழுத்தலையும் பின்ன வருகிறாள். பெங்களூருக்கு அல்ல, இங்கே.

அவளுக்குத் தமிழ் வாசிக்க வரும். பஸ் போர்டில் பழகியது. இந்தக் கதை வரும் இதழ் வெளியாவது திங்கட்கிழமை. பெயர்களை மாற்றட்டுமா என்று கேட்டேன்.

“எதை மாத்துனாலும் எட்டுப் பின்னல மாத்த முடியுங்களா? போடுங்க. அதுக்குள்ள நானே” என்று நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவள் சொல்கிறாள். அபெனா பாதிப் பின்னலோடு எழுந்து போகிறாள். இன்னொன்றில் சொல்லாமல் இருக்கிறாள், கட்டிப்பிடித்து விடைபெறுகிறார்கள். இரண்டுமே எனக்குப் பாராட்டு வாங்கித் தரும். அந்தத் தலையை வைத்து ஏற்கெனவே ஒருவர் வாங்கிவிட்டார், நானும் கூடச் சேர்ந்து கொடுத்தேன். கிழித்துப் போட்டேன்.

நீங்கள் வாசிக்கும்போது அந்த ஞாயிறு போயிருக்கும். எனக்கு இன்னும் வரவில்லை. ஆகவே முடிவு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது இவ்வளவே: மணி பத்து. அபெனா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிவரஞ்சனி பின்னால் நின்று முதல் வகிடு எடுக்கிறாள். கண்ணாடியில் இருவர் கண்ணும் சந்திக்கின்றன.

“கண்ணு, அன்னைக்கு என் கை