ஸ்டியரிங்கில் இரண்டு கை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் என் கணவர் எர்மெக், வேன் கூரையில் கேரியர் மாட்டுகிறேன் என்று ஏறினார். கேரியரை ஒழுங்காகத்தான் மாட்டினார். இறங்கும்போது ஏணியில் வைக்க வேண்டிய காலைக் காற்றில் வைத்துவிட்டார். தோள்பட்டை எலும்பு முறிந்து, கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. ஆக, கிர்கிஸ்தானின் வடக்கே பிஷ்கெக்கிலிருந்து தெற்கே ஜலாலாபாத் வரை, கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீட்டர், நான்தான் ஓட்ட வேண்டும்.

உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூர சந்தோஷம். குளிர்காலம் முழுக்க நானும் அவரும் சேர்ந்து இழைத்த வண்டி அது. பழைய ரஷ்ய வேன். முழு ரொட்டிக்குச் சக்கரம் மாட்டியது போல இருக்கும், அதனால் ஊரே அதை ரொட்டி என்றுதான் கூப்பிடும். உள்ளே மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், தீயணைப்பு சிலிண்டர், விஷப்புகை சேர்ந்தால் கத்துகிற ஒரு கருவி. போதாததற்கு என்னுடைய விதிகள் வேறு. நகரும் முன் கேஸ் வால்வை மூட வேண்டும். கட்டாத பொருள் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, கெட்டில் உட்பட. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும். மலை இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் சின்ன கியரில் வர வேண்டும்.

தன் தங்கையைப் பார்க்க எங்களோடு வந்த மாமியார் உல்கான் அத்தை இதற்கெல்லாம் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. கெட்டிலை அவரே கட்டினார், முடிச்சு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எங்களுக்குள் சண்டை வந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான்.

சுரங்கப்பாதை தாண்டி சூசமிர் சமவெளியில் இறங்கியதும் ரோட்டோரம் முதல் கபர்ஸ்தான், எங்கள் இடுகாடு, வந்தது. கபர்ஸ்தானைக் கடக்கும்போது இரண்டு உள்ளங்கையையும் முகத்துக்கு நேரே விரித்து, நெற்றியிலிருந்து தாடை வரை வழித்து, செத்தவர்களுக்காக ஓமின், அதாவது ஆமீன், சொல்வோம். பஸ்ஸில் போனாலும் சொல்வோம், குதிரையில் போனாலும் சொல்வோம். ஓட்டுகிறவரும் சொல்வார். அந்த ஒன்றிரண்டு நொடி ஸ்டியரிங் யாருடையதும் இல்லை.

அத்தை ஓமின் சொன்னார். எர்மெக்குக்கு நல்ல கை ஒன்றுதான், பாதி ஓமின் சொன்னார். நான் கையை எடுக்கவில்லை.

முதல் தடவை அத்தை பேசவில்லை. இரண்டாவதில் என் கையைப் பார்த்தார். மூன்றாவதில் கேட்டார். நான் காரணம் சொன்னேன். ஊருக்கு வெளியே காலி மைதானத்தில் அறுபதில் போகும்போது கையை எடுத்துப் பார்த்திருக்கிறேன், இரண்டு நொடிக்குள் வண்டி ஒரு ஆள் அகலத்துக்கு இடதுபக்கம் ஒதுங்கிவிட்டது, பழைய ஸ்டியரிங், பிடித்தே இருக்க வேண்டும் என்றேன். மாமனார் இருபது வருஷம் பஸ் ஓட்டினார், ஒரு கபர்ஸ்தானைக்கூட விட்டதில்லை, பஸ்ஸும் ஒதுங்கியதில்லை என்றார் அத்தை. மைதானத்தில் போய் ஓமினைச் சோதித்துப் பார்க்கிற மருமகள் தனக்குத்தான் வாய்த்திருக்கிறாள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பிறகு பின்னால் திரும்பி, மகனிடம் சொல்வது போலச் சொன்னார்.

"செத்தவங்களுக்கு ரெண்டு நொடி குடுக்க முடியாதவ, இருக்கறவங்களுக்கு என்னத்தடா குடுக்கப் போறா?"

எர்மெக் ஜன்னல் வழியாகக் குதிரைகளை எண்ண ஆரம்பித்தார்.

அத்தை முடிவையும் சொன்னார். மலை இறங்கி தொக்தொகுல் ஊருக்குப் போனால் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். சின்ன மகன் தாலாயைக் கூப்பிடுவார். அவன் டாக்ஸி பிடித்து வந்து மீதி தூரம் ஓட்டட்டும். தாலாய் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டே லாரிகளை முந்துகிற ஆள். அதைவிட எனக்கு வேறொன்று உறுத்தியது. இந்தச் சாவி ஒரு தடவை அவன் கைக்குப் போனால் அந்த வீட்டில் இனி யாரும் அதை என்னிடம் தரப்போவதில்லை. மருமகளால் பாதி வழிகூட ஓட்ட முடியவில்லை என்பதுதான் கதையாக நிற்கும்.

ஒவ்வொரு கபர்ஸ்தானிலும் நான் மனதுக்குள் ஓமின் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். அதை யார் பார்த்தார்கள்? அலா-பெல் கணவாயில் ஏறும்போது, ஒரே ஒரு தடவை கையைத் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்று யோசித்தேன். நேர் ரோடு வந்தால் தூக்கிவிடலாம் என்றுகூட முடிவு செய்தேன்.

அடுத்த கபர்ஸ்தான் வந்தது மலையின் மறுபக்க இறக்கத்தில், ஒரு வளைவில். வலதுபக்கம் மலையை ஒட்டிய பள்ளம், இடதுபக்கம் கீழே ஆறு. இரண்டாவது கியரில் மெதுவாக வந்துகொண்டிருந்தேன். அத்தை கண்ணை மூடி, உள்ளங்கையை முகத்துக்கு முன் விரித்தார். எதிரே தெற்கிலிருந்து தர்பூசணி ஏற்றிய லாரி ஒன்று ஏறி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் டிரைவரின் முகம் தெரியவில்லை. அதை மூடிய இரண்டு புறங்கைகள் மட்டும் தெரிந்தன.

லாரி நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. நான் ஹார்னை அழுத்திக்கொண்டே வலதுபக்கம் ஒடித்தேன். இரண்டு சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, லாரி ஒரு சாண் இடைவெளியில் உரசாமல் போனது, வேன் சாய்ந்து நின்றது. உள்ளே ஒரு பாத்திரம்கூட விழவில்லை.

அத்தை முகத்திலிருந்து கையை எடுத்தபோது அவருக்குத் தெரிந்தது பள்ளம் மட்டும்தான். இறங்கி நின்று திட்ட ஆரம்பித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறவள் கொண்டு வந்து நிறுத்திய இடத்தைப் பார் என்றார். தூக்கத்திலிருந்து எழுந்த எர்மெக்குக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்ததை நான் சொன்னால், ஓமின் சொன்ன மனுஷன்மேல் பழி போடுகிறாள் என்பார். பார்த்தது நான் ஒருத்திதான்.

லாரியை மேலே நிறுத்திவிட்டு டிரைவர் நடந்து வந்தார். ஜோரோபாய் என்று பிறகு சொன்னார், ஐம்பது வயது இருக்கும். கொஞ்ச தூரத்திலேயே நின்று அத்தை திட்டுவதைக் கேட்டார். திட்டு தன்மேல் விழவில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கும். சும்மா வந்து வண்டியைத் தூக்கிவிட்டுப் போயிருக்கலாம்.

தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, அந்தப் பொண்ணத் திட்டாதீங்க. தப்பு என்னோடது. கபர்ஸ்தான் வந்துச்சுன்னு ரெண்டு கையையும் விட்டுட்டேன். கண்ணத் தொறந்து பாத்தா உங்க வண்டி மூஞ்சிக்கு நேரா நிக்குது. அந்தப் பொண்ணு ஒடிச்சுது, நாம இருக்கோம்."

அத்தை அவரைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டார். மூன்று பெண்கள், கடைசிக்கு நான்கு வயது என்றார் அவர்.

மகளிடம் சொல்லி மருமகளைக் கேட்க வைப்பது எங்கள் ஊரில் பழைய பழக்கம். அன்றைக்கு மகளின் இடத்தில் தர்பூசணி லாரிக்காரர் நின்றார்.

"அவங்க இங்கயேதான் படுத்திருக்காங்க, எங்கயும் எழுந்து போகப்போறதில்ல," என்றார் அத்தை அவரிடம். "உன் கையையா எண்ணிட்டு இருக்காங்க? மனசுல சொல்லு, கேக்கும். கை இருக்க வேண்டிய எடத்துல இருக்கட்டும். உன் பொண்ணு வாசல்ல நிப்பா."

அவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன் போலிருக்கிறது, எர்மெக் சிரித்தார்.

லாரியிலிருந்து கயிறு கட்டி வேனை இழுத்து ரோட்டில் ஏற்றினோம். நான்கு சக்கரத்தையும் தட்டிப் பார்த்தேன், பிரேக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று படுத்துப் பார்த்தேன். நாங்கள் மறுக்க மறுக்க ஜோரோபாய் ஒரு பெரிய தர்பூசணியை அத்தை மடியில் வைத்தார். பிரேக் பிடித்தால் அது குண்டு மாதிரி பறக்கும், அதைக் கட்டாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. அத்தை இறங்கி, பின்னால் போய், தண்ணீர் டிரம்மோடு சேர்த்து அதைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மலை இறங்கி தொக்தொகுல் வந்தோம். ஏரி தெரிகிற இடத்தில் சிக்னல் வந்தது. அத்தை போனை எடுத்தார். வண்டியை ஓரம் கட்டினேன். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன், ஆனால் சாவியிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.

தாலாய் எடுத்தான். ஸ்பீக்கரில் அவன் குரல் வேன் முழுக்கக் கேட்டது. அத்தை சுற்றி வளைக்கவில்லை.

"ஏண்டா, வண்டி ஓட்டும்போது கபர்ஸ்தான் வந்தா என்ன பண்ணுவ?"

அம்மா எதற்காகக் கேட்கிறார் என்று அவனுக்குத் தெரியாது. நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னான்.

"என்னம்மா இப்படிக் கேக்கற? ரெண்டு கையையும் எடுத்து ஓமின் சொல்லுவேன். ஒரு தடவகூட விட்டதில்ல."

"சரி," என்றார் அத்தை. "நீ வர வேண்டாம்."