உஷ் சாரின் தும்மல்

அப்பாவின் வலது செவிப்பறையில் பன்னிரண்டு வருடமாக ஓர் ஓட்டை இருந்தது. அதனால் அதிகம் பயனடைந்தது நூலகம்தான். அப்பா அங்கே வாசிப்பறைக் கண்காணிப்பாளர். அவர் மேசைக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள் படித்தார்கள். வலப்பக்கம் உட்கார்ந்தவர்கள் பேசினார்கள். ஒரு கல்யாணமே அங்கே நிச்சயமாகி, அங்கேயே முறிந்ததாகக் கேள்வி. இடப்பக்கம் பேனா மூடி கழன்றாலும் "உஷ்" வரும். பெயரே உஷ் சார் என்றாகிவிட்டது.

அவர் தும்மியதை யாரும் கேட்டதில்லை. மூக்கைப் பிடித்து, உதட்டை இறுக்கி, தோளை ஒருமுறை குலுக்கி உள்ளேயே முடித்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருவழியாக அறுவை சிகிச்சைக்கு அப்பா ஒப்புக்கொண்டார். காதுக்குப் பின்னால் வெட்டி, அங்கிருந்து மெல்லிய சவ்வு ஒன்றை எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். மரத்துப்போக ஊசி மட்டும்தான்; அப்பா விழித்தே இருந்தார். டாக்டரும் நர்ஸும் பழுதான லிஃப்டைப் பற்றி ஓயாமல் பேசினார்களாம். இரண்டு முறை "உஷ்" சொல்ல வாயெடுத்து, கத்தி யார் கையில் இருக்கிறது என்று யோசித்து விட்டுவிட்டாராம்.

"மூக்கைச் சிந்தக் கூடாது, கனமா எதையும் தூக்கக் கூடாது, காதுல தண்ணி படக் கூடாது," என்றார் டாக்டர். "தும்மல் வந்தா வாயை நல்லாத் தொறந்து தும்முங்க. அடக்கினா காத்து உள்பக்கமாப் போய் வெச்ச சவ்வைத் தள்ளிடும்."

அதுவரை தலையாட்டிய அப்பா, "கொஞ்சமாத் தொறந்தா போதுமா சார்?" என்றார்.

நாலாம் நாள் வீட்டில் ஒரு தும்மல் வந்தது. கை தானாகப் போய் மூக்கைப் பிடித்தது. தோள் குலுங்கியதை அம்மா பார்த்துவிட்டாள்.

"முழுங்கிட்டீங்களா?"

"பழக்கம்..."

"மாத்திரையை முழுங்கச் சொன்னா ஒரு மணி நேரம் தண்ணி குடிக்கறீங்க. இது மட்டும் வழுக்கிட்டுப் போகுதா?"

தையல் பிரிக்கப் போனபோது அம்மா இதைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. "உள்ள பஞ்சு இருக்கு, இப்பப் பாக்க முடியாது. நகந்திருக்காதுன்னு நம்புவோம். இன்னொன்னை அடக்கினீங்கன்னா மறுபடி ஆபரேஷன் டேபிள்தான். ரெண்டாவது தடவை இவ்வளவு சுலபமா இருக்காது."

அதிலிருந்து அம்மா தினமும் பயிற்சி கொடுத்தாள். "ஆ-ன்னு தொறங்க." அப்பா விண்ணப்பம் கொடுப்பவர்போல ஓர் அங்குலம் திறந்தார்.

மூன்றாம் வாரம் விடுப்பு முடிந்தது. பை தூக்க அவருக்குத் தடை என்பதால் நானும் கூடப் போனேன். அன்று பார்த்துத்தான் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் மூக்கு நுனி துடித்தது. கை பாதி தூரம் எழுந்தது. அதை அவரே வலுக்கட்டாயமாக இறக்கி, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, வாயைத் திறந்தார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு வலப்பக்கத்தினர்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். இடப்பக்கம் ஒருவர் புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்தார்.

அப்பா மெதுவாகப் பதிவேட்டைத் திறந்தார். சத்தம் எழுப்புவோர் அன்று முழுவதும் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. தன் பெயரை எழுதி, காரணம் என்ற இடத்தில் 'தும்மல்' என்று போட்டு, கையெழுத்திட்டு எழுந்தார்.

தேர்வுக்குப் படிக்கும் அக்கா ஒருத்தி பதறிவிட்டாள். "சார், தும்மலுக்கெல்லாமா வெளிய போவாங்க?"

"போன மாசம் விக்கலுக்கு உன்னை அனுப்பினேனேம்மா."

"அதை நான் அன்னிக்கே மறந்துட்டேன் சார்."

"நான் மறக்கலை," என்றார் அப்பா.

அவர் போனபின் ஐந்து நிமிடம் அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆறாவது நிமிடம் எல்லோரும் பேசினார்கள், இடப்பக்கமும் சேர்த்து. நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்பா வாசல் படியில், தெருவைப் பார்த்தபடி, வாயை முழுதாகத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். பல் டாக்டருக்குக்கூட அவ்வளவு திறந்ததில்லை.

"என்னப்பா?"

விரலை உயர்த்திப் பொறு என்றார். வந்தது. எதிரே போன சைக்கிள்காரர் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்கம்மாவுக்குப் போன் போடு. ரெண்டு வந்துச்சு, ரெண்டும் முழுசா வெளிய போயிடுச்சுன்னு சொல்லு."

சொன்னேன்.

"சாட்சி யாரு?" என்றாள் அம்மா.