முனியாண்டிக்குப் போன பதநீர்

பெருவெள்ளம் வடிந்த மறு வருஷம், 1927இல், லகாட் ஊரை ஒட்டிய கித்தாத் தோட்டத்தில், கடல் கடந்து ரப்பர்ப் பால் வெட்ட வந்தவர்களுக்குக் கள்ளுக்கடை நடத்திவந்த மாடசாமி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். மனைவி ராக்காயி கடையை மூடவில்லை. தென்னை ஏற ஆள் வைத்து, பானை கழுவி, தானே வடிகட்டி ஊற்றினாள். தள்ளாடி வருகிறவனுக்குக் கள் கொடுக்கமாட்டாள். சோறு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

கடையை அவளுக்கே கொடுக்கத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குச் சம்மதம். கூலியாட்களை மேய்த்த சீனி கங்காணிக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"தாலியறுத்தவ கைக் கள்ள முனியாண்டி ஏத்துக்குவாரா? பூசையன்னிக்கு நீயே பானையக் கொண்டாந்து வையி. சாமி ஒரே மூச்சுல குடிச்சா கடை உனக்கு. இல்லேன்னா சாவியக் குடுத்துரு லா."

ராக்காயியும் சரி என்றாள். அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

தினமும் அவளிடம் தனியாக ஒரு பானை இருக்கும். உள்ளே சுண்ணாம்பு தடவி, புளிக்காமல் இறக்கிய பதநீர். பிள்ளை பெற்று உடம்பு தேறாமல் கிடந்த செல்லாயிக்குச் சும்மா கொடுப்பது அது. பூசையன்று இரண்டு பானைக்கும் ஒரே மாதிரி வாழையிலை கட்டினாள். போகிற வழியில் ஒன்றைச் செல்லாயி வாசலில் வைத்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தாள்.

சாமியாடி பத்துமலை பானையைத் தூக்கினார். ஒரு மடக்கு குடித்தார். அப்படியே நின்றார். பறை ஓய்ந்தது.

"என்னலா, சாமி முழிக்குது?" என்றான் ஒருவன்.

பானையின் கழுத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தடம். பானை மாறிவிட்டது ராக்காயிக்குப் புரிந்தது. வாயைத் திறக்காமலிருந்தால் சாமி மிச்சத்தையும் குடித்துவிடலாம். கடை தங்கும். ஆனால் அங்கே, வெறும் வயிற்றோடு பச்சை உடம்புக்காரி கள்ளைக் குடித்துவிட்டால்?

"சாமி, தப்புப் பண்ணிட்டேன்! இது பதநீர். கள்ளு செல்லாயி வீட்டுக்குப் போயிருச்சு!"

கத்திக்கொண்டே ஓடினாள்.

"பாத்தீங்களா, சாமியவே ஏமாத்தப் பாத்திருக்கா!" கங்காணியின் குரல் பின்னால் துரத்தியது.

செல்லாயி மடியில் பிள்ளையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கக்கா. வாய்கிட்ட கொண்டு போனதும் குப்புனு வாடை. கொட்ட மனசு வரல, ஆப்பமாவுல ஊத்திட்டேன். எப்படிப் பொங்குது பாருங்க."

ராக்காயி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா, அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது பானை காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. கங்காணி தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"நீ ஓடுனதும் சாமி மிச்சத்த ஒரே மூச்சுல குடிச்சிருச்சு. ஆனா குடிச்சது கள்ளு இல்லையே! தொரைகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

சாமி மலையேறி, நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்த பத்துமலையைப் பார்த்தார்.

"என்னைக் கேக்காதீங்கண்ணே. ஒண்ணும் நெனவில்ல. தொண்ட மட்டும் இனிக்குது."

கங்காணி குனிந்து காலிப் பானையை நிமிர்த்தி வைத்தார்.

"சாவி உங்கிட்டயே இருக்கட்டும் போ. சாமி என்ன நெனச்சுக் குடிச்சுதோ, அத மாத்திச் சொல்ல நான் யாரு?"

ராக்காயி குழம்பியபடியே கும்பிட்டாள். முனியாண்டி ஏற்றுக்கொண்டது தன் கையையா, பதநீரையா, அந்த ஓட்டத்தையா?

மறுநாள் மரமேறியிடம் இன்னொரு பானைக்கும் சுண்ணாம்பு தடவச் சொன்னாள்.

"யாருக்குக்கா?"

"தெரியல லா. யாராச்சும் வருவாங்க."