முன்னுக்கு நின்று எடுத்த படம்

நாற்பத்தாறு வயதில், ஒருமுறை கத்தி வைத்த முழங்காலோடு, வேரோனிக்கா பனிமலையில் சறுக்கப் போகிறாள் என்றதும் கனடாவின் விட்பி நகரில் பேசாத தமிழ் வாய் இல்லை. பூசை முடிந்து காரை எடுக்கும் வரைக்கும் அந்தக் கதைதான். அவள் அசரவில்லை. தமிழ் ஸ்கீ கழகத்தின் மாசிமாதப் போட்டிக்கு நாலு பேர் கொண்ட குழு. அதில் பெண்களுக்கு ஒரே ஓர் இடம். மூன்று வருடமாக அவளுடைய கண் அந்த இடத்தில்தான்.

கூட்டாளி, இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஸ்டெபனி. கார் இல்லாதவள். அவளுக்கும் அதே இடத்தில் கண். சனிக்கிழமைகளில் வேரோனிக்காவின் வான் வண்டியில் இருவரும் போவார்கள். ஒருத்தி சறுக்க மற்றவள் போனில் படம் பிடித்து, பிழை சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம்.

“உன்ரை கை பின்னுக்குப் போகுது பிள்ளை. தட்டிலை தேத்தண்ணி கொண்டு போற மாதிரிப் பிடி,” என்பாள் வேரோனிக்கா.

ஸ்டெபனியோ, “சுப்பர் அக்கா. ஒரு பிழையும் இல்லை,” என்பாள்.

வேரோனிக்கா அதோடு விட்டாளா? திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போகும் ரயிலில் அந்தப் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரர்களுக்கும் அவளுடைய திருப்பங்கள் மனப்பாடம். பிழை மட்டும் அகப்படவில்லை.

தெரிவு நாள் வந்தது. பயிற்சியாளர் கரோலின் சரிவின் பக்கவாட்டில் நின்று இருவரையும் படமெடுத்து, ரப்லெற் திரையில் போட்டுக் காட்டினாள். முதலில் ஸ்டெபனி. கைகள் இரண்டும் முன்னுக்கு, அசையாமல், அழகாக. வேரோனிக்காவுக்கே பெருமையாக இருந்தது. அடுத்தது அவளுடைய படம். இல்லாத கதிரையில் குந்தப் போகிறவளைப் போல ஒருத்தி, பாரம் முழுக்கக் குதிக்காலில், பின்புறத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“உந்தப் பிழையைத்தானே அக்கா மார்கழியிலையே சொல்லி விட்டனான்,” என்றாள் கரோலின். “நீங்கள் அதுக்குள்ளை மேலை ஏறிட்டியள். தான் சொல்லுறன் எண்டு ஸ்டெபனி சொன்னவ.”

இடம் ஸ்டெபனிக்குப் போனது. கைதட்டினார்கள். வேரோனிக்காவும் தட்டினாள், தட்டாவிட்டால் அதையும் கதைப்பார்கள்.

பிறகு வானுக்குள் இருந்து போனைத் திறந்தாள். கார்த்திகை மாதப் படங்கள் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்தவை; தூரத்தில், மங்கலாக. மார்கழி இரண்டாவது சனிக்குப் பிறகு அத்தனையும் நேர் முன்னாலிருந்து. முன்னால் நின்று பார்த்தால் குந்துகிறவளும் நிமிர்ந்து நிற்பவள் போலத்தான் தெரியும். முப்பத்தொரு படம். ஒவ்வொன்றாக எண்ணினாள்.

கதவைத் திறந்து ஸ்டெபனி ஏறினாள். “சீற்றுச் சூட்டைப் போடுங்கோ அக்கா. விறைக்குது.”

வேரோனிக்கா போட்டாள். பழக்கதோஷம்.

“கரோலின் மார்கழியிலை என்ன சொன்னவ?”

ஸ்டெபனி கையுறையைக் கழற்றினாள். அது கழற அதிக நேரம் எடுத்தது. “நீங்கள் எவ்வளவு ஆசையாய் இருந்தனீங்கள். சொல்லி உங்களை நோகடிக்க மனம் வரேல்லை அக்கா.”

“முன்னுக்கு வந்து நிண்டு எடுக்க மட்டும் மனம் வந்ததோ?”

விட்பி வரைக்கும் ஒரு மணித்தியாலம், வானில் இருந்தது சூடு மட்டும்தான். இவள் கேட்டிருந்தால் அந்த இடத்தை விட்டே கொடுத்திருப்பேனோ என்றுகூட வேரோனிக்காவுக்கு ஓடியது; விட்டிருக்கமாட்டாள்தான். ஆனால் ஸ்டெபனியின் கைகளைப் பார்த்த ஒரு படத்திலும் அவள் பொய் சொன்னதில்லை.

வீட்டு வாசலில் இறங்கிய ஸ்டெபனி, கதவைப் பிடித்தபடி நின்றாள். “அடுத்த சனி எத்தினை மணிக்கு அக்கா?”

“வானுக்குள்ளை இடமில்லை,” என்றாள் வேரோனிக்கா.

ஏழு பேர் இருக்கக்கூடிய வான் அது.